மேட்டுக்கொல்லை மிளகாயும் என் ஈர வேட்டியும்

நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான், பாப்பா. மேட்டுக்கொல்லையில் மிளகாய் நிற்கும் என்றேன், நின்றது. ஐப்பசி மழைக்குப் பழம் அழுகும் என்றேன், அழுகியது. அழுகினாலும் எங்கள் விமலா விடமாட்டாள் என்றேன், நீயும் விடவில்லை. நிலம் உன் பேருக்கு வரும், மணிமங்கலத்துப் பையன் உன்னைப் பார்த்த அன்றே சரி என்பான், தை பிறந்தால் கல்யாணம், எல்லாமே இந்த வாயிலிருந்து வந்ததுதான். யாரிடம் சொன்னாய் என்று கேட்காதே. டீக்கடையில் சொன்னேன், ஏரிக்கரையில் சொன்னேன், கேட்க ஆள் அகப்படாத நாளில் மாட்டிடம் சொன்னேன். மாடு தலையை ஆட்டியது. எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து படித்தவன் நான். ஒரே வருஷத்தில் தாண்டிப் போகிறவர்களுக்கு எட்டாம் வகுப்பின் ஆழம் தெரியாது.

நேரில் சொல்லலாம்தான். ஆனால் இந்த மார்கழியில் நம் வீட்டில் ஒரு மூலைகூடக் காலியாக இல்லை. ஒரு பக்கம் உன் சித்தி ரவிக்கைத் துணிகளைப் பரப்பி வைத்திருக்கிறாள், இன்னொரு பக்கம் உறவுக்காரப் பெண்கள் உளுந்து புடைக்கிறார்கள், நான் வாயைத் திறந்தால் சிரிப்பதற்கென்றே எல்லாரும் முறத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். கல்யாணத்தன்று யாராவது இதை மைக்கில் படிக்க ஆசைப்பட்டால் தாராளமாகப் படிக்கட்டும், என் பெருமை நாலு ஊருக்குத் தெரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கடைசிப் பக்கம் வரும்போது மட்டும் உன் பெரியப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு படிக்கச் சொல்.

உன் அம்மா உன்னைப் பெற்ற கையோடு போய்விட்டாள். உன் அப்பா, என் சின்னண்ணன், நீ ஐந்தாவது படிக்கும்போது போனார். அன்றிலிருந்து நீ எங்கள் பிள்ளை. எனக்கும் உன் சித்திக்கும் வேறு பிள்ளை இல்லை, இல்லையே என்று நினைப்பதற்கு நீ நேரமும் கொடுக்கவில்லை. நீ வந்த புதிதில் அழுகையை நிறுத்தலாம் என்று ஒரு கதை சொன்னேன். மணிமங்கலம் ஏரிக்கரையில் ஒரு சிறுத்தை என்னை மறித்தது, நான் அதன் காதைப் பிடித்துத் திருகி அனுப்பிவிட்டேன் என்று. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது வூட்டுக்குப் போயி அவங்க அம்மாகிட்ட இன்னா சொல்லிச்சு சித்தப்பா?" என்று கேட்டாய். என் கதைக்கு மேலே கதை கேட்டவள் நீ ஒருத்திதான். இவளிடம் பொய் சொல்வதென்றால் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். செய்ததோடு சரி.

இந்தச் சித்திரையில் அந்தப் புரோக்கர் மோட்டார் சைக்கிளில் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ரோட்டோரத்து நிலமெல்லாம் கம்பெனிக்குப் போகப்போகிறது, இப்போது கொடுத்தால் நல்ல விலை, பிறகு கொடுத்தால் வந்த விலை என்று உன் பெரியப்பாவிடம் சொன்னான். இதையும் நான் முன்பே சொல்லியிருக்கிறேன், நம் பிள்ளைப்பாக்கத்துப் பையன்கள் வரிசையில் நின்று கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிற காலம் வரும் என்று. அது இருக்கட்டும். பெரியண்ணன் வீட்டுக்கு மூத்தவர், சொத்து பிரிக்காத வீடு, அவர் வார்த்தைதான் முடிவு. அவர் யோசித்துவிட்டுப் பேசுகிறவர், நான் பேசிவிட்டு யோசிக்கிறவன். மேட்டுக்கொல்லையைத் தள்ளிவிடலாம் என்று அவர் தலையாட்டப்போகிற நேரத்தில் நீ உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்து நின்றாய்.

"மேட்டுக்கொல்லய எனக்கு வுடுங்க பெரீப்பா. நான் மொளகா வெச்சிப் பாத்துக்கறேன்."

"போன வருசமும் மொளகாதான் வெச்சோம். பாதி நாத்துலயே சாஞ்சிச்சு, மீதி பழத்துல அழுகிச்சு. அள்ளிக் குப்பைல கொட்னது நீதானம்மா." பெரியண்ணன் குரலை உயர்த்தவே இல்லை. "பொண்ணுக்கு நகை போட்டு அனுப்புவோம். நெலத்தக் கட்டிக் குடுத்தனுப்பற பழக்கம் நம்ம வூட்ல கெடையாது."

நீ கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே இருந்தாய், காய்ந்த பிறகும் துடைத்தாய். அப்போதுதான் நான் எழுந்து சின்னண்ணனின் கடைசி வார்த்தையைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் பிரிகிற நேரத்தில் அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, "தம்பி, மேட்டுக்கொல்ல பாப்பாவுக்குடா" என்று என் காதில் சொன்னதை. அவர் கண்ணோரம் நீர் வழிந்ததை. ஜன்னல் கம்பியில் ஒரு மைனா வந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்ததை. நான் முடித்தபோது நிலம் வாங்க வந்த புரோக்கரே கைக்குட்டையை எடுத்துவிட்டான். உன் சித்தி அடுப்படியில் மூக்கைச் சிந்தினாள். பெரியண்ணன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் தோள்துண்டை எடுத்து உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. செத்தவன் சொல்லிட்டுப் போயிருந்தா அது சொன்னதுதான்," என்றார். "ஆனா அழுகற கொல்லயக் குடுத்துப் பொண்ண அழவெக்க மாட்டேன். கார்த்திகை தீபத்தன்னிக்கு நான் வந்து பாப்பேன். செடி நின்னா அவளுக்கு. அழுகிச்சின்னா இவருக்கு." கையால் புரோக்கரைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவின் கடைசி வார்த்தையை இன்னொரு தபா சொல்லச் சொல்லிக் கேட்டாய். நானும் சொன்னேன். காலையில் மைனா, இப்போது புறாவா என்று நீதான் பிடித்தாய். பறவை எதுவாக இருந்தால் என்ன, வார்த்தை அதேதான் என்று சமாளித்தேன். நீ சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாய்.

ஆடியில் விதை விட்டோம். விதை விஷயத்தில் நமக்குள் வந்த சின்ன அபிப்பிராய பேதத்தை நீ பெரிதுபடுத்தி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய், அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்துப் பழத்திலேயே பெரிய பெரிய பழமாகப் பார்த்து நான் விதை எடுத்து வைத்திருந்தது உண்மை. அழுகின செடியின் விதைக்குள்ளேயே அந்த அழுகல் நோய்ப் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வரும், நம் கையாலேயே நோயை விதைத்த மாதிரி ஆகும் என்று நீ தினமும் சாயங்காலம் வானொலியில் விவசாய நிகழ்ச்சி கேட்டுவிட்டு வந்து சொன்னாய். கடையில் புது விதை வாங்கினாய். அதிலும் திருப்தி இல்லாமல் விதையை மூடி போட்ட சட்டியில் போட்டு, மருந்துத் தூளைப் போட்டு, ஒவ்வொரு விதைமேலும் ஒட்டுகிற மாதிரி குலுக்கச் சொன்னாய். குலுக்கியது யார்? நான். அந்த மணிக்கட்டு வேறு யாருக்கு இருக்கிறது? இன்றைக்கும் சொல்கிறேன், அந்த விதை முளைத்ததில் பாதி மருந்து, பாதி என் குலுக்கல்.

ஆனாலும் நாற்று சாய்ந்தது. நீ மேட்டுப் பாத்தி போட்டுத் தண்ணீர் தேங்காமல் செய்திருந்தாய், நான் ஆசையில் ஒரு பாத்தியில் மட்டும் விதையை நெருக்கமாகத் தூவியிருந்தேன். நெருக்கத்தில் காற்று புகாமல், மண் காயாமல், அந்தப் பாத்தி நாற்று மட்டும் தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெந்த கீரை மாதிரி ஆகிப் படுத்துக்கொண்டது. மயில்துத்தம் என்கிற நீல உப்பும் சுண்ணாம்பும் கலந்து ஊற்றினால் மற்ற பாத்திக்குப் பரவாது என்றாய். துத்தத்தை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், மண்பானையில்தான் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனாய். மண்பானை விரிசல் விட்டால் விலை கொடுத்து வாங்கின மருந்து வீணாகுமே என்று முன்யோசனையோடு நான் அதை இரும்பு வாளியில் போட்டேன்.

மறுநாள் காலையில் வாளியைப் பார்த்த எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உள்பக்கம் முழுக்கச் செக்கச்செவேல் என்று செம்பு. இரும்பைச் செம்பாக்கிவிட்டேன். சித்தர்களால் முடிந்ததோ என்னவோ, பிள்ளைப்பாக்கத்தில் என்னால் முடிந்தது. டீக்கடையிலிருந்தெல்லாம் ஆளைக் கூட்டி வந்து காட்டினேன். ஒருவன் தன் வீட்டுக் கடப்பாரையையும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டான். பெரியண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இதோடு நிறுத்திக்கொள், அடுத்தது தங்கம் செய்கிறேன் என்று உன் சித்தியின் தோட்டில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். நீதான் சுண்ணாம்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வாளிக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாய்.

"மருந்துல இருந்த செம்பெல்லாம் வாளி குடிச்சிடுச்சு சித்தப்பா. இனிமே நாத்துக்கு இன்னாத்த ஊத்தப் போற, வெறுந்தண்ணியா?"

மறுபடி துத்தம் வாங்கி, மண்பானையில் ஊறப்போட்டு, சுண்ணாம்புப் பாலோடு கலந்தோம். கலந்ததும் நீ ஒரு பழைய இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுத்துப் பார்த்தாய். கத்தியில் செம்பு ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதவில்லை, செடி பொசுங்கிவிடும், இன்னும் சேர்க்க வேண்டும். ஏறாவிட்டால் ஊற்றலாம். இரும்பு செம்பாகிறது என்பதை ஊருக்கு முதலில் காட்டிக்கொடுத்தது என் வாளிதானே, அதைப் பார்த்துத்தானே கத்தியை முக்கினாய் என்று கேட்டேன். நீ ஆமாம் என்றாய். அதைச் சொல்லும்போது நீ சிரிக்காமல் இருந்ததற்காக நான் உனக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மற்றப் பாத்திகள் பிழைத்தன. ஆவணியில் பிடுங்கி நட்டோம், புரட்டாசியில் பூத்தது, ஐப்பசி பிறக்கும்போது மேட்டுக்கொல்லை முழுக்கக் காய்.

அப்புறம் மழை. விட்டு விட்டுப் பெய்கிற மழை, வெயிலும் வந்து போகிற மழை, மிளகாய்க்கு அதைவிடக் கெட்டது இல்லை. அந்த நேரம் பார்த்து நீ உன் சித்தியோடு தாம்பரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தாய். கொல்லையின் ஈசானி மூலையில் நான் முதல் பழத்தைப் பார்த்தேன். பழத்தின் தோலில் வட்டமாக ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் வட்டம் வட்டமாகக் கறுப்புப் புள்ளி. அதற்குப் பக்கத்துச் செடியில் நுனிக் கிளை கருகியிருந்தது. இந்தக் கொல்லையை யார் யார் பார்த்தார்கள் என்று யோசித்தேன். புரோக்கர் முந்தின நாள்தான் ரோட்டில் வண்டியை நிறுத்தி வெகுநேரம் பார்த்துவிட்டுப் போனான். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. கண் பட்டிருக்கிறது.

குழந்தைக்கு உடம்பு சுட்டால் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போடுகிறோம். மிளகாய்க்கே கண் பட்டால் எதைச் சுற்றுவது? அதன் மிளகாயையே சுற்றலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த மூலையிலிருந்த அழுகின பழங்களைப் பறித்து ஒரு கையில் உப்போடு வைத்துக்கொண்டு, விடியற்காலையில், தூறல் நின்ற கையோடு கொல்லைக்குள் இறங்கினேன். செடி வரிசைக்கு நடுவே ஒவ்வொரு சாலாக நடந்து, ஒவ்வொரு செடிக்கும் மேலே சுற்றி, ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, புரோக்கர் கண்ணு என்று எல்லாக் கண்ணையும் பேர் சொல்லிக் கழித்தேன். முழங்கால் வரைக்கும் வேட்டி நனைந்து செடி செடியாக உரசிக்கொண்டே வந்தது. நடுவில் நாலு சாலில் மட்டும் நான் இறங்கவில்லை. அங்கே ஒரு நல்லபாம்பு படமெடுத்து நின்றது என்று உன்னிடம் சொன்னேன். உண்மையில் காலில் நெருஞ்சி குத்தியதால் சுற்றிப் போனேன். கடைசியில் அந்தப் பழங்களை நெருப்பில் போட்டேன். கொஞ்சம்கூட நெடி வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்று நமக்குத் தெரியாதா? ஊறி அழுகின பழத்துக்கு நெடி ஏது என்று அப்போது யார் யோசித்தார்கள். பெரிய காரியம் செய்த களைப்போடு வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டேன்.

நீ திரும்பி வந்து சில நாள் கழித்துக் கொல்லைக்குள் இறங்கினாய். வெளியே வந்து வரப்பில் நின்றாய். மறுபடி இறங்கினாய். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "சித்தப்பா, நீ சுத்திப் போட்டியாமே, எங்கேருந்து ஆரமிச்சு எப்டி எப்டி நடந்தே, காட்டு," என்றாய். நானும் பெருமையாகக் கையை நீட்டிக் காட்டினேன். இந்த மூலையில் தொடங்கி, இந்தச் சாலில் போய், அந்தச் சாலில் திரும்பி.

"பாரு," என்றாய். "நீ நடந்த வழிதான்."

பார்த்தேன். நான் நடந்த சாலில் எல்லாம் இரண்டு பக்கமும் பழத்தில் அந்த வட்டப் பள்ளம். நெருஞ்சிக்குப் பயந்து நான் இறங்காத நாலு சால் மட்டும் பச்சையும் சிவப்புமாகப் பளபளவென்று நின்றது. கையில் அழுகின பழத்தை வைத்துக்கொண்டு, ஈர வேட்டியால் துடைத்து, ஒரு மூலையில் கிடந்த நோயைக் கொல்லை முழுக்க நானே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். ஒரு தூரிகையை வைத்து வரைந்தால்கூட அவ்வளவு சுத்தமாகக் கோடு வராது. நீ முதலில் சிரித்தாய். வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "தீபம் வந்துடும் சித்தப்பா. பெரீப்பா வந்து நிப்பாரு," என்று மட்டும் சொன்னாய். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன்.

அதன் பிறகு அந்தக் கொல்லையில் உன் சட்டம்தான். பனியும் மழையும் காய்ந்து இலை உலர்கிற வரைக்கும் மனிதன், மாடு, ஆடு யாரும் உள்ளே இறங்கக்கூடாது. புள்ளி விழுந்த பழம் ஒன்றைக்கூடச் செடியிலும் விடக்கூடாது, தரையிலும் விடக்கூடாது. கருகின நுனியைப் பச்சை வரைக்கும் சேர்த்து நறுக்கினாய். எல்லாவற்றையும் கோணியில் போட்டுக் கொல்லைக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வைத்தாய். போன வருஷம் அழுகின பழத்தைக் குப்பைக்குழியில் கொட்டி, அந்தக் குப்பையையே எருவாக வண்டியில் அடித்ததால் நோயும் கூடவே ஏறித் திரும்பி வந்தது என்பதை நீ சொன்ன பிறகு உன் பெரியப்பாவே ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தார். தண்ணீர் நிற்காமல் ஓட வாய்க்கால் வெட்டினோம். வாடகை மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி நீ மருந்தடித்தாய். அடித்த அன்றே மழை வந்து கழுவிக்கொண்டு போனது. மழை விட்டதும் மறுபடி அடித்தாய். என் வேட்டிக்குக் கொல்லையில் தடை. உன் சித்தி ஒரு பழைய கால்சட்டையைத் தேடிக் கொடுத்தாள், அதைப் போட்டுக்கொண்டு நான் வரப்பில் காவல் நின்றேன். டீக்கடைக்காரர்கள் தினமும் ஒரு தடவை என் காலைப் பார்க்க வந்துபோனார்கள்.

ஒருநாள் காலை தூறலில் புரோக்கரும் வந்து, கொல்லை எப்படி இருக்கிறது என்று பார்க்க உள்ளே இறங்கப் போனான். நான் கால்சட்டையோடு குறுக்கே நின்று, "யார் கண்ணு பட்டாலும் பரவால்ல நைனா, கால் படக் கூடாது. வெய்யில் வந்தப்பறம் வா," என்றேன். இதை நான் யோசிக்காமலேதான் சொன்னேன். என் வாயிலிருந்து வந்ததில் நூற்றுக்கு நூறு உண்மையான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

தீபத்தன்று பெரியண்ணன் வந்தார். வெளிச்சம் வந்த உடனே வந்துவிட்டார், ஆனால் உள்ளே இறங்கவில்லை. செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, பனி உலருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சாலாக நடந்தார். நீ என் பக்கத்தில் நின்று என் கால்சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாய், சின்னப் பிள்ளையில் வேட்டி நுனியைப் பிடிப்பாயே, அது மாதிரி. கடைசிச் சாலில் அவர் குனிந்தார். ஒரு பழத்தைப் பறித்தார். திருப்பிப் பார்த்தார். அதில் பள்ளம் விழுந்திருந்தது எனக்கு வரப்பிலிருந்தே தெரிந்தது. உனக்கும் தெரிந்தது, பை கிழிகிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கீழே போடவில்லை. துண்டின் முனையில் முடிந்துகொண்டார். வெளியே வந்து, குழி இருந்த இடத்துக்குப் போய், முடிச்சை அவிழ்த்து உள்ளே போட்டுக் காலால் மண்ணைத் தள்ளினார். செருப்பை மாட்டிக்கொண்டு, "கார்த்திகை முடியறதுக்குள்ள ரெஜிஸ்டர் ஆபீஸ் போயிட்டு வந்துடலாம்," என்றார்.

சரி, புத்திமதிக்கு வருகிறேன். கல்யாணக் கடிதத்தில் அது இல்லாவிட்டால் உன் சித்தி ஒப்புக்கொள்ளமாட்டாள். மணிமங்கலத்தில் யார் முகமாவது வாடினால் உடனே ஓடிப்போய்ப் பரிகாரம் செய்யாதே. செடி தண்ணீர் இல்லாமலும் வாடும், தண்ணீர் நின்று வேர் அழுகினாலும் வாடும், மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கொஞ்சம் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் செய். மாப்பிள்ளை கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற நாளில் அவன் நல்லவனாக இருக்கமாட்டான். நானே ஒரு கொல்லை சுற்றி வந்தால் நல்லவனாக இருப்பதில்லை, உன் சித்தியைக் கேள். இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் ஈரத்தோடு ஊர் முழுக்க நடக்காதே. உலர்ந்த பிறகு பேசு. கொல்லையைப் பற்றிக் கவலைப்படாதே. நீ பஸ் ஏறி வருகிற நாள் போக மற்ற நாளெல்லாம் நான் இருக்கிறேன். கால்சட்டையும் இருக்கிறது, பையை உன் சித்தி தைத்துவிட்டாள். மிளகாய் இருந்த இடத்தில் அடுத்த போகம் கத்திரியும் தக்காளியும் வேண்டாம், இதே நோய்தான் அதற்கும் வரும், வேர்க்கடலை போடலாம் என்று நான் சொல்லலாமென்று இருந்தேன். நீ அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாய்.

இனிமேல் கடைசிப் பக்கம். நேற்று நீ சம்பந்தி வீட்டுப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "அது எங்கப்பா எனக்குன்னு சொல்லிட்டுப் போன நெலம், அத நான் எப்பவும் வுடமாட்டேன்," என்றாய். அவர்கள் உன் அப்பாவை மெச்சினார்கள். சாகிற நேரத்திலும் பெண்ணை நினைத்த மனுஷன் என்றார்கள். பாப்பா, நான் என்னைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்யாததற்கே பேர் வாங்கிப் பழகினவன். செய்ததற்குப் பேர் இன்னொருத்தருக்குப் போவதை, அது என் சொந்த அண்ணனாகவே இருந்தாலும், என்னால் பொறுக்க முடியவில்லை. ராத்திரி வெறும் இட்லி தின்றுவிட்டுப் படுத்தும் எனக்குச் செரிக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். செத்தவர் வார்த்தை என்று நினைத்து நீ அந்த நிலத்தைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. பிடித்திருக்கிற வரைக்கும் மிளகாய் வை. ஒருநாள் முடியவில்லை என்றால், ஒரகடம் ரோடு முழுக்கக் கம்பெனி வந்து, உனக்கும் விற்கலாம் என்று தோன்றினால், விற்றுவிடு. அப்பா கோபித்துக்கொள்வாரே என்று ஒரு ராத்திரி தூக்கம் கெடாதே. அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அவர் எதுவும் சொல்லவில்லை.

மைனாவும் இல்லை, புறாவும் இல்லை. சின்னண்ணன் போன நேரத்தில் நான் அவர் பக்கத்திலேயே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கப் போயிருந்தேன். டீக்கடைக்காரன் பால் காயட்டும் என்றான், நின்றேன், திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. என் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. மேட்டுக்கொல்லை பாப்பாவுக்கு என்று சொன்னது நான்தான், இந்தச் சித்திரையில், உன் ஈரக் கையைப் பார்த்துவிட்டு. நான் சொன்னால் எவன் கேட்பான் என்று அவர் வாயில் போட்டேன். அவருக்கு அந்த நேரம் கிடைத்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார் என்பது என் கணிப்பு, என் கணிப்பு தப்பியதே இல்லை.

ஒன்றை மட்டும் நான் கணிக்கவில்லை. அவசரத்தில் ஒரு விஷயம் எனக்கு மறந்துபோயிருந்தது. நான் டீ வாங்கப் போன நேரத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் உன் பெரியப்பா. அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

ரெஜிஸ்டர் ஆபீஸில் நீ உள்ளே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாய். நாங்கள் இரண்டு பேரும் வெளியே புளியமரத்தடியில் இருந்தோம். நான் வழக்கம்போல எல்லாருக்கும் டீ வாங்கிவர எழுந்தேன். பெரியண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீ இங்கயே இருடா. இந்தத் தபா டீ நான் வாங்கினு வரேன்," என்றார்.

அவர் வாங்கிவந்த டீயில் சர்க்கரையே இல்லை. நான் அதைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.